முதல் விசாரிப்பிலிருந்து ஷார்ஜா வீடு வரை: மேலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

(அடையாளம் தெரியாதிருக்க, சில சொந்த விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

பின்னணி

2023 ஆகஸ்டில் மதுரையில் உள்ள எங்கள் உதவி மையத்துக்கு முதலில் வந்தவர் மனைவி. பிள்ளைகளோடு ஷார்ஜாவில் உள்ள கணவரிடம் போய்ச் சேர்வது பற்றிக் கேட்க வந்தார். வயது 29, பி.காம். முடித்தவர். கணவருக்கு 34 வயது. ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஷார்ஜாவில் ஏ.சி., குளிர்பதன வேலை பார்க்கிறார். அமீரகத்தில் அது அவருக்கு ஒன்பதாவது வருடம். 2016இல் திருப்பரங்குன்றம் கோவிலில் கல்யாணம். மகள் 2018இலும் மகன் 2021இலும் பிறந்தார்கள். ஏழு வருடக் கல்யாண வாழ்க்கையில் கணவனும் மனைவியும் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் பத்து மாதம்கூட வரவில்லை. கணவரின் தாயாரும் அதே வீட்டில் இருந்தார். அவருக்குச் சர்க்கரை நோய்.

ஒரு ஏஜென்ட் இவர்களுக்கு வழி சொல்லியிருந்தார்: "விசிட் விசாவுல கூட்டிட்டுப் போயிருங்க, அங்க போயி மாத்திக்கலாம்." அந்தப் பேச்சுக்கு 40,000 ரூபாய் முன்பணமும் கேட்டிருந்தார். கொடுப்பதற்கு முன்னால் விசாரித்துக்கொள்ளலாம் என்றுதான் அந்தப் பெண் வந்தார்.

முதல் நாள் கண்டவை

மஞ்சப்பையில் இருந்த காகிதங்களை மேசையில் பரப்பியதுமே சிக்கல் தெரிந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையிலும் கோவில் ரசீதிலும் மணப்பெண் பெயராக இருந்தது வீட்டில் கூப்பிடும் பெயர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பள்ளிப் பெயர், அப்பாவின் இனிஷியலோடு. ஆதாரில் அதே பள்ளிப் பெயர், ஆனால் ஆங்கில எழுத்து வேறு: பெயரில் வரும் 'ழ'வுக்கு மதிப்பெண் சான்றிதழில் இசட், ஹெச், ஆதாரில் வெறும் எல். 2017இல் எடுத்த பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும், குடும்பப் பெயருக்கான இடம் காலி. போதாததற்கு அது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகக் குடியகல்வு அனுமதி தேவை என்று குறிக்கப்பட்டது. பட்டதாரிக்கு ஈ.சி.ஆர். வரக் காரணம், விண்ணப்பித்தபோது பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

மகளின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் ஆதார் எழுத்துப்படி இருந்தது. மகனுடையதில் குழந்தையின் பெயரே இல்லை. கல்யாணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகவே இல்லை.

கணவரின் சம்பளத்தை வாட்ஸ்அப்பில் வந்த ஒப்பந்தப் பக்கத்தை வைத்துப் பார்த்தோம். வங்கிக்கு மாதம் 4,300 திர்ஹாம் வருகிறது என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் அதில் 700 ஓவர்டைம். ஒப்பந்தத்தில் பதிவான மொத்தச் சம்பளம் 3,600, அதோடு தொழிலாளர் தங்கும் கேம்ப்பில் ஒரு கட்டில். அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள 4,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹாமும் கம்பெனி தரும் வீடும் வேண்டும். 2019இலிருந்து தொழிலின் பெயரைப் பார்ப்பதில்லை, வருமானத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆறு பேர் படுக்கும் கேம்ப் அறை வீட்டுக் கணக்கில் வராது. ஆக, தனக்குத் தகுதி இருக்கிறது என்று மூன்று வருடமாக நம்பியிருந்த மனிதருக்கு அன்றைய நிலையில் தகுதி இல்லை. ஓவர்டைமைச் சேர்த்துச் சொல்லும் இந்தத் தவறு அடிக்கடி நடப்பது. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் கைக்கு வருவதைத்தான் யாரும் சொல்வார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு: விசிட் விசா வேண்டாம். உள்ளே போன பிறகு குடும்ப விசாவுக்கு மாற சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்கும் இதே சான்றிதழ்கள்தான் தேவை, இதே சம்பளம்தான் தேவை. இரண்டும் இல்லாமல் போனால் விசிட் விசாவின் அறுபது நாளும் காத்திருப்பிலேயே கழியும். அதற்கு மேல் தங்கினால் தலைக்கு ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். மூன்று பேருக்கு ஒரு மாதம் என்றால் 4,500. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டும் தடையாகலாம்: 2022 நவம்பர் 21 முதல் விசிட் விசாவில் வரும் ஒற்றைப் பெயர்க்காரர்களை அமீரகம் அனுமதிப்பதில்லை. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்பதாகப் பிறகு விளக்கம் வந்தது என்றாலும், விமான நிலையக் கவுண்டரில் நின்று அதை வாதாட முடியாது.

இரண்டாவது முடிவு: எல்லாவற்றுக்கும் அச்சாணியாகப் பத்தாம் வகுப்புச் சான்றிதழின் எழுத்துகளை வைத்துக்கொள்வது. ஆதாரில் பெயர் மாற்றம் ஆயுளுக்கு இரண்டு முறைதான் அனுமதி, அதனால் எழுத்தை முடிவு செய்யாமல் திருத்தப் போகக் கூடாது.

மனைவியின் புதிய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக எதைப் போடுவது என்பதில்தான் நேரம் பிடித்தது. கணவர் பெயரைப் போடலாம் என்றது வீடு. மையம் சொன்னது அப்பா பெயர். மனைவியின் பட்டச் சான்றிதழ் வரை அப்பா இனிஷியல்தான் இருக்கிறது. அவர் அங்கே வேலைக்குப் போக நினைத்தால் அந்தச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போக வேண்டும். கணவர் பெயருக்குப் பாஸ்போர்ட்டில் தனி இடம் உண்டு, உறவை நிரூபிக்கக் கல்யாணச் சான்றிதழ் இருக்கிறது. இனிஷியல் வழக்கம் உள்ள நம் வீடுகளில் கணவருக்கு அவர் அப்பா பெயர், மனைவிக்கு அவர் அப்பா பெயர், பிள்ளைகளுக்குத் தந்தை பெயர் என ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பப் பெயர்கள் இருக்கும். அங்குள்ள அலுவலர் புருவம் உயர்த்தலாம், ஆனால் விண்ணப்பத்தைத் தள்ளக் காரணம் அதுவல்ல. பிறப்புச் சான்றிதழில் உள்ள தந்தை, தாய் பெயர்கள் அவரவர் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது முடிவு, கம்பெனியிடம் பேசுவது. கேம்ப் கட்டிலை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதில் வீட்டு வாடகைப் படியாக 600 திர்ஹாம் ஒப்பந்தத்தில் ஏற்றித் தருமாறு கேட்கச் சொன்னோம். சம்பள உயர்வு என்று கேட்டால் மறுக்கும் கம்பெனிகள் இதைச் சில நேரம் ஒப்புக்கொள்கின்றன. கேம்ப்புக்கு அவர்களுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று செலவு இருக்கிறது.

நான்காவது, புறப்பாட்டை 2025 மார்ச் கடைசிக்குத் தள்ளியது. காரணம் பணம்.

கணக்கு

மாதச் செலவை திர்ஹாமில் எழுதிப் பார்த்தபோது வந்தது இது. ஒரே அறையும் அடுப்படியும் உள்ள ஸ்டூடியோ வீடு வருடத்துக்கு 22,000, அதாவது மாதம் 1,833. மின்சாரம், தண்ணீர், கேஸ் 300. சாப்பாடு 1,000. மகளின் பள்ளிக் கட்டணமும் பஸ்ஸும் 550. போன், இன்டர்நெட் 250. கணவரின் போக்குவரத்து 150. கூட்டினால் 4,083. ஊரில் தாயாருக்கு 10,000 ரூபாயும் 3.2 லட்சம் நகைக் கடனுக்கு வட்டி 3,200 ரூபாயும் அனுப்ப வேண்டும். திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்தால் அது 574. மொத்தம் 4,657. புதிய சம்பளம் கிடைத்தாலும் 4,200தான். மாதம் 457 குறைகிறது.

ஓவர்டைம் வந்தால் சரியாகிவிடும் என்றார் கணவர். ஏ.சி. வேலையில் ஓவர்டைம் மே முதல் செப்டம்பர் வரை கொட்டும், டிசம்பரில் வற்றிவிடும். அதை வருமானமாக எழுத மையம் சம்மதிக்கவில்லை.

போய் இறங்கும் செலவு இன்னொன்று. வருட வாடகைக்கு நான்கு செக், முதல் செக் 5,500. முன்பணம் 1,100, வீட்டுத் தரகு 1,100. வாடகை ஒப்பந்தத்துக்கு நகராட்சிச் சான்று, மின் இணைப்புக்கு வைப்புத் தொகை எல்லாம் சேர்த்து 1,900. பழைய கட்டில், பிரிட்ஜ், அடுப்பு 1,200. மூவருக்கும் விசா, மருத்துவச் சோதனை, எமிரேட்ஸ் ஐடி எனும் அமீரக அடையாள அட்டை 4,500. அமீரக வெளியுறவு அமைச்சகச் சான்று ஆவணத்துக்கு 150 வீதம் மூன்றுக்கும் (கல்யாணச் சான்றிதழ், இரண்டு பிறப்புச் சான்றிதழ்கள்), அரபி மொழிபெயர்ப்புக்கும் சேர்த்து 700. ஆக 16,000 திர்ஹாம். ரூபாயில் 3.68 லட்சம். டிக்கெட்டும், ஆவணங்கள் உண்மையானவை என்று அரசு அலுவலகங்களில் சான்று வாங்க இந்தியாவில் ஆகும் சான்றொப்பச் செலவும் சேர்த்தால் சுமார் 4.3 லட்சம்.

நகையை மீட்காமல் புறப்பட்டால் முதல் வருடமே கடன் மேல் கடன் ஏறும் என்பது தெளிவாக இருந்தது. 2025 ஜனவரியில் ஒரு லட்சம் சீட்டு முதிர்கிறது. அதுவரை சேமித்தால் கடனும் அடையும், கைப்பணமும் நிற்கும். அமீரகத்தின் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குவதும் இந்தத் தேதிக்குப் பொருந்தியது.

மனைவியிடம் தனியாகக் கேட்டது

செப்டம்பரில் மனைவியிடம் மட்டும் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. மாமியாரும் நாத்தனாரும் உடன் இருந்தபோது, "அவுக சொல்றதுதான், எனக்கென்ன" என்றிருந்தவர், தனியே இருந்தபோது மூன்று விஷயம் சொன்னார். போக வேண்டும் என்ற ஆசை அவருடையதுதான். பிள்ளைகள் அப்பாவை போன் திரையில் பார்த்தே வளர்வதை அவரால் தாங்க முடியவில்லை. மாமியாரை விட்டுப் போனதாக ஊர் பேசும் என்ற பயமும் இருந்தது. போனால் தானும் வேலைக்குப் போக வேண்டும் என்பது மூன்றாவது. அது இல்லாவிட்டால் குடும்பப் பெயரில் கணவர் பெயரே ஏறியிருக்கும். இந்தப் பேச்சை ஆகஸ்டிலேயே வைத்திருக்க வேண்டும்.

கணவரின் தாயாரை ஒத்தக்கடையில் உள்ள அவர் மகள் வீட்டில் வைப்பது, மாதப் பணத்தை அந்த மகளின் கணக்குக்கே அனுப்புவது என்று கணவரின் விடுமுறையில் பேசி முடித்தார்கள்.

ஜனவரி விடுமுறை

கல்யாணப் பதிவுக்கு இருவரும் நேரில் வர வேண்டும். கணவருக்குக் கிடைத்த 33 நாள் விடுமுறை 2024 ஜனவரி 5இல் தொடங்கியது. பொங்கல் 15, அன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டு, 16 பாலமேடு, 17 அலங்காநல்லூர். மதுரையில் அந்த மூன்று நாளும் எந்த அலுவலக வேலையும் நகராது. 25 தைப்பூசம், 26 குடியரசு நாள். தை பிறந்ததும் முகூர்த்த நாட்களில் பத்திரப் பதிவுக்குக் கூட்டம் வேறு. வருடத்தில் இந்த வேலைக்கு இதைவிட மோசமான மாதத்தைத் தேடிப் பிடிப்பது கடினம்.

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இன் கீழ் 90 நாளுக்குள்ளும், தாமதக் கட்டணத்தோடு அடுத்த 60 நாளுக்குள்ளும் பதிய வேண்டும். இவர்களுக்கு ஏழு வருடம் கடந்துவிட்டதால் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டது. பத்திரிகையில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து இணைத்தோம். மனைவியின் பாஸ்போர்ட் அக்டோபரிலேயே இரண்டு பெயரோடும் ஈ.சி.ஆர். இல்லாமலும் புதிதாக வந்திருந்தது. கட்டணம் 1,500 ரூபாய். அந்தப் பாஸ்போர்ட்டின் எழுத்துப்படியே கல்யாணப் பதிவு நடந்தது. கையெழுத்துக்கு முன் வரைவை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்ததில் கணவரின் தந்தை பெயரில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது பிடிபட்டது. அச்சான பிறகு பிடித்திருந்தால் விடுமுறை போதாது.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுக்கும் தலா 1,000 ரூபாய் கட்டி, பெற்றோர் இருவரும் இருக்கும்போதே கையெழுத்து வாங்கப்பட்டது. தந்தை வெளிநாட்டில் இருந்தால் அவருடைய உறுதிமொழியை இந்தியத் தூதரகம் வழியாக வாங்க வேண்டியிருக்கும்.

பிறப்புச் சான்றிதழ்கள்தான் தேங்கின. மகனுக்குப் பெயர் சேர்ப்பது எளிது. பிறந்த 12 மாதத்துக்குள் இலவசம், அதன் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். மகளின் சான்றிதழில் தாயின் பெயரைத் திருத்த ஏழு வாரம் ஆனது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி மூலப் பதிவை அழிக்க மாட்டார்கள், ஓரத்தில் திருத்தம் எழுதுவார்கள். அதற்கு ஆதாரம் கேட்டு இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மார்ச் கடைசியில்தான் புதிய பிரதி வந்தது.

சான்றொப்பத்தில் நடந்த தவறு

அமீரகத்துக்கான வழி நான்கு படி. மாநில அரசின் சான்று, இந்திய வெளியுறவுத் துறையின் சான்று, இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகத்தின் முத்திரை, கடைசியாக அமீரகத்துக்குள் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம். ஏப்ரலில் கணவரின் உறவினர் ஒருவர், தெரிந்த தரகர் விரைவாக முடிப்பார் என்று மூன்று ஆவணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். ஆவணத்துக்கு 4,500 வீதம் 13,500 ரூபாய். பதினைந்து நாளில் திரும்பி வந்தன, பின்னால் சதுரமான ஒரு ஸ்டிக்கரோடு. அது அப்போஸ்டில்.

அப்போஸ்டில் என்பது ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் தங்களுக்குள் ஏற்கும் ஒற்றைச் சான்று. ஓமன், பஹ்ரைன் அதில் உண்டு, சவூதிக்கு 2022 டிசம்பரிலிருந்து செல்லும். அமீரகம், கத்தார், குவைத் அதில் சேரவில்லை. அந்தத் தரகர் சவூதி வேலைகளே அதிகம் செய்தவர், "கல்ஃப்" என்றதும் அதையே செய்துவிட்டார். வெளியுறவுத் துறையில் அப்போஸ்டிலுக்குக் கட்டணம் 50 ரூபாய், சாதாரணச் சான்றொப்பத்துக்குக் கட்டணமே இல்லை. ஆவணத்தை வாங்கிச் சேர்க்கும் முகமை நிறுவனத்தின் சிறிய சேவைக் கட்டணம் மட்டும் தனி. மீதி முழுவதும் இடையில் நின்றவர்களுக்குப் போனது. அந்தக் குடும்பம் மாவு அரைத்தும் ஆடு வளர்த்தும் சேர்த்த பணம் அது.

வழியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மறுபடி முறையாகச் செய்ததில் ஜூலை ஆனது. கால அவகாசம் இருந்ததால் பயணத் தேதி பாதிக்கப்படவில்லை. விசிட் விசாவில் போயிருந்தால் இந்த மூன்று மாதமும் அங்கே அபராதமாக ஓடியிருக்கும்.

புறப்பாடு

கம்பெனி நவம்பரில் சம்மதித்து, டிசம்பர் முதல் ஒப்பந்தத்தை 4,200க்கு மாற்றியது. கேம்ப்பை விட்டு வெளியேறிய கணவர் இரண்டரை மாதம் பெட் ஸ்பேஸில், அதாவது பலர் பகிரும் அறையில் ஒரு கட்டிலுக்கு மட்டும் மாதம் 450 கொடுத்துத் தங்கினார். அந்தச் செலவு நம் கணக்கில் இல்லை. ஆனால் புதிய சம்பளம் மூன்று மாதம் வங்கியில் ஏறி நிற்பது விண்ணப்பத்துக்குப் பலம். பிப்ரவரி 15 முதல் வீடு. மார்ச் 10இல், விசா விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து அனுப்பும் டைப்பிங் சென்டர் வழியாக மனைவியின் விண்ணப்பமும், பிறகு பிள்ளைகளுடையதும் போனது. நுழைவு அனுமதி அதே வாரம் வந்தது.

மகளின் டி.சி.க்கு மட்டும் சற்று இழுபறி. ஆண்டுத் தேர்வு ஏப்ரலில், அதற்கு முன் டி.சி. கொடுக்கத் தலைமையாசிரியர் தயங்கினார். பயண விவரத்தோடு கடிதம் கொடுத்து வாங்கி, மார்ச் 24இல் மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பமும் பெறப்பட்டது. அது இல்லாமல் போனால் அங்கே இரண்டாம் வகுப்பில் சேர்ப்பது சிரமம்.

மார்ச் 29 இரவு விமானம். மறுநாளே அங்கு பெருநாள், ஏப்ரல் 1 வரை விடுமுறை. நுழைந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மருத்துவச் சோதனை, எமிரேட்ஸ் ஐடி, குடியிருப்பு அனுமதி எல்லாம் முடிய வேண்டும். சோதனை 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு மட்டும். இரத்தமும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். பெருநாள் போனாலும் 19 நாளில் முடிந்துவிட்டது. "பாஸ்போர்ட்டுல விசா அடிக்கலையே" என்று மனைவி பதறி போன் செய்தார். 2022இலிருந்து ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் ஐடிதான் சான்று. இதை முன்கூட்டியே சொல்லாதது எங்கள் குறை.

பின் நடந்தவை

மகள் சேர்ந்த பள்ளியில் தமிழ் இல்லை, இரண்டாம் மொழியாக இந்தி. மாலையில் நம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை வைத்துத் தாயே சொல்லிக்கொடுக்கிறார். மகனைக் கட்டணத்துக்காக ஒரு வருடம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

ஜூலை, ஆகஸ்டில் மின்சாரம், தண்ணீர், கேஸுக்கு 300 என்று எழுதிய இடத்தில் 520 வந்தது. பகல் முழுவதும் ஒரு தாயும் குழந்தையும் பூட்டிய ஒற்றை அறையில் ஏ.சி. இல்லாமல் இருக்க முடியாது. இது கணக்கு போட்டவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஓவர்டைம் வந்த மாதங்களாதலால் சமாளித்தார்கள். அதே ஜூலையில் தாயார் ஒத்தக்கடையில் கால் இடறி விழுந்தார். எலும்பு முறிவு இல்லை. இருந்தாலும் மனைவி பல நாள் தூங்கவில்லை என்று பிறகு சொன்னார்.

அந்த இரண்டு மாதத் தனிமையில் ஊருக்கே திரும்பிவிடலாமா என்றும் அவர் கேட்டிருக்கிறார். செப்டம்பரில், கணவரின் விசாவில் இருந்தபடியே வேலை பார்க்க அனுமதி பெற்று, ஒரு கடையில் பாதி நேரக் கணக்கு வேலையில் சேர்ந்தார். மாதம் 1,500. கீழ்வீட்டில் இருக்கும் இராமநாதபுரத்துக்காரர் மகனைப் பார்த்துக்கொள்கிறார், அவருக்கு 400. பட்டச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் ஒரே பெயரில் இருந்ததால் அனுமதிக்கு எந்தக் கேள்வியும் வரவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பிறப்புச் சான்றிதழ் திருத்தத்தைக் கணவரின் விடுமுறைக்காகக் காத்திருக்காமல் ஆகஸ்டிலேயே தொடங்கியிருக்கலாம். அதற்கு அவர் நேரில் தேவையில்லை. விடுமுறை கேட்கும்போது ஜனவரியைத் தவிர்க்கச் சொல்லியிருந்தால் ஐந்து அலுவலக நாட்கள் மிஞ்சியிருக்கும். மூல ஆவணங்களை யாரிடம் கொடுத்தாலும் "அமீரகத் தூதரக முத்திரை வேண்டும், அப்போஸ்டில் வேண்டாம்" என்று எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுப்பது இப்போது மையத்தின் நடைமுறை. மின்கட்டணத்தை ஆகஸ்ட் மாத அளவிலும், ஓவர்டைமை டிசம்பர் மாத அளவிலும் எழுதுகிறோம். தாயாரை மகள் வீட்டில் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வைத்துப் பார்த்திருந்தால், குளியலறை வாசல்படி உயரம் அப்போதே தெரிந்திருக்கும். அவர் இடறியது அந்தப் படியில்தான். அதை இப்போது இடித்துச் சரிவாக்கியிருக்கிறார்கள்.

மூவரின் அனுமதியும் கணவரின் விசாவோடு 2027இல் புதுப்பிக்கப்பட வேண்டும். அப்போதும் ஒப்பந்தச் சம்பளம் 4,000க்குக் கீழே போகாமலும், நகராட்சிச் சான்று பெற்ற வாடகை ஒப்பந்தம் நடப்பிலும் இருக்க வேண்டும். கம்பெனி மாறுவதாக இருந்தால் புதிய ஒப்பந்தத்தில் இந்தத் தொகை எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறோம்.